பழைய ஜீப்பில் எலெக்ட்ரிக் ரேடியேட்டர் ஃபேன் மாட்டலாமா?

கேட்டவரின் நிலைமை இது: 1994 மாடல் மஹிந்திரா எம்.எம். 540, பெஜோ டீசல் எஞ்சின், ஃபோர் வீல் டிரைவ். வாரத்தில் மூன்று நாள் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஆளும் சாமானுமாக ஏறுகிறார். பாதி மலையில் டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போய்விடுகிறது. மெக்கானிக், "பழைய ஃபேனைக் கழற்றிட்டு எலெக்ட்ரிக் ஃபேன் போட்டுரலாம் சார், ஹீட்டும் ஆகாது, மைலேஜும் கூடும்" என்கிறார். வண்டியில் இருக்கும் ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது கரண்ட் தயாரித்து பேட்டரியை சார்ஜ் செய்வது) 35 ஆம்ப். போடலாமா, போட்டால் எந்த ஃபேன், ஒயரிங் எப்படி என்பது கேள்வி.

இதே மாடல் வண்டியைப் பதினோரு வருஷம் வைத்திருந்தேன். எலெக்ட்ரிக் ஃபேன் போட்டேன், கழற்றினேன், பிறகு புத்தி வந்து ஒழுங்காகப் போட்டேன். அந்த உரிமையில் சொல்கிறேன்: உங்கள் வண்டி மலையில் சூடாவதற்கு எலெக்ட்ரிக் ஃபேன் மருந்தே அல்ல. நல்ல பொருள்தான், ஆனால் அது தீர்க்கும் நோய் வேறு.

ஏன் என்று பார்ப்போம். ஜீப்பில் கம்பெனி கொடுத்த ஃபேன் வாட்டர் பம்ப் புல்லியோடு சேர்த்து போல்ட் போட்டது. எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ, பெல்ட் வழியாக அதுவும் அவ்வளவு வேகமாகச் சுற்றும். சமவெளியில் டிராஃபிக்கில் நிற்கும்போது எஞ்சின் ஐட்லிங்கில் இருக்கும், ஃபேனும் சோம்பலாகச் சுற்றும். அங்கே அதன் பலவீனம் தெரியும். மலையில் கதையே வேறு. கொண்டை ஊசி வளைவில் முதல் கியரில், இரண்டாம் கியரில் எஞ்சின் நிமிஷத்துக்கு 3000 சுற்றில் முக்கிக்கொண்டிருக்கும். வண்டி போகிற வேகம் பத்து, இருபது கிலோமீட்டர்தான். எதிர்க்காற்று என்று ஒன்று கிடையாது. அந்த நேரத்தில் பெல்ட் ஃபேன் தன் முழு பலத்தோடு சுற்றிக்கொண்டிருக்கிறது. அதாவது பெல்ட் ஃபேன் மிகச் சிறப்பாக வேலை செய்யும் இடமே உங்கள் வண்டி சூடாகும் இடம். அங்கேயே அது தோற்கிறது என்றால் குற்றவாளி பெரும்பாலும் ஃபேன் இல்லை. எலெக்ட்ரிக் ஃபேன் நேர்மாறு: ஐட்லிங்கில் ராஜா, ஆனால் எஞ்சின் எவ்வளவு முக்கினாலும் அது கொடுப்பது ஒரே அளவு காற்றுதான்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுவிடலாம். இந்த பெஜோ எக்ஸ்.டி.பி. 4.90 எஞ்சின் 2112 சி.சி.; நான்கு சிலிண்டர், 90 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), பெயரில் இருக்கும் 4.90 அதுதான். சுமார் 62 குதிரைத் திறன், அதாவது 46 கிலோவாட் சொச்சம். கடுமையான ஏற்றத்தில் லோடோடு இழுக்கும்போது தண்ணீருக்குள் இறங்கும் சூடு மட்டும் சுமார் 25 கிலோவாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரேடியேட்டருக்குள் 35 டிகிரியில் நுழையும் காற்று 75 டிகிரியில் வெளியே வருகிறது, 40 டிகிரி ஏறுகிறது என்றால், 25 கிலோவாட்டை அள்ளிக்கொண்டு போக நொடிக்கு அரை கன மீட்டருக்குக் கொஞ்சம் மேலே காற்று வேண்டும். ஃபேன் விற்பவர்கள் பேசும் கணக்கில் சொன்னால் சுமார் 1200 சி.எஃப்.எம். (நிமிஷத்துக்கு இத்தனை கன அடி). இது ரேடியேட்டரைத் தாண்டி உண்மையில் போக வேண்டிய காற்று. டப்பாவில் போட்டிருக்கும் எண் ஃபேனைக் கையில் பிடித்துக்கொண்டு வெட்டவெளியில் ஓடவிட்டு அளந்தது. முன்னால் ரேடியேட்டரின் அடர்த்தியான கோர் (தண்ணீர் ஓடும் குழாய்களும் தகடுகளும் உள்ள நடுப்பகுதி) வந்ததும் அது பாதிக்குப் பக்கமாக விழுந்துவிடும். ஆக, டப்பாவில் 2000-க்கு மேல் எழுதியிருக்கும் ஃபேன்தான் உங்களுக்கு உதவும். அந்த அளவு ஃபேன் 20 ஆம்ப், சில சமயம் 25 ஆம்ப் கேட்கும். உங்களிடம் இருப்பது 35 ஆம்ப் ஆல்டர்னேட்டர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருகிறேன்.

இன்னொன்று. இந்த எஞ்சின் இன்றைய டீசல்களைப் போல டைரக்ட் இஞ்செக்‌ஷன் அல்ல. டீசல் நேராக பிஸ்டன் தலைக்கு வருவதில்லை, ஹெட்டில் இருக்கும் சின்ன அறைக்குள் தெளிக்கப்பட்டு, அங்கிருந்து எரிந்துகொண்டு வெளியே பாய்கிறது. அந்த அறையின் சுவர் முழுக்கத் தண்ணீருக்குச் சூட்டைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதனால் அதே வேலைக்கு டைரக்ட் இஞ்செக்ஷன் (டி.ஐ.) எஞ்சினைவிட இது ரேடியேட்டருக்கு அதிக வேலை வைக்கும். கூலிங் சிஸ்டம் கொஞ்சம் தளர்ந்தாலும் முதலில் காட்டிக்கொடுப்பது இந்த எஞ்சின்தான்.

சரி, ஃபேனுக்குக் காசு போடும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கிப் பார்க்க வேண்டியவை சில.

முதலில் தெர்மோஸ்டாட் வால்வு, அதாவது எஞ்சின் தண்ணீர் சூடான பிறகே ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வு, இருக்கிறதா என்று பாருங்கள். "அது இருந்தா சூடாகும்" என்று சொல்லி அதைக் கழற்றி எறிவது நம் ஊர் பட்டறைகளில் பரம்பரை வழக்கம். தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் சமவெளியில் எஞ்சின் சூடே ஏறாது, கறுப்பும் வெள்ளையுமாகப் புகை தள்ளும், டீசல் குடிக்கும். ரொம்ப முக்கியமாக, நாளைக்கு எலெக்ட்ரிக் ஃபேன் போட்டால் அதன் சுவிட்ச் எந்தச் சூட்டை நம்பி வேலை செய்வது? 82 டிகிரியில் திறக்கும் வால்வு ஒன்று வாங்கி, மாட்டும் முன் அடுப்பில் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து நூலில் கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள். தண்ணீர் கொதி வருவதற்குச் சற்று முன்பே வாய் திறக்க வேண்டும். புது வால்விலும் திறக்காதது உண்டு, எனக்கே வாய்த்திருக்கிறது.

அப்புறம் ரேடியேட்டர் மூடி. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் மலை வண்டிக்கு இது உயிர். கோத்தகிரி ஏறக்குறைய 1800 மீட்டர் உயரம். அங்கே மூடியில்லாத பாத்திரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஊட்டியில் 92, 93. உங்கள் எஞ்சின் ஏற்றத்தில் இயல்பாக ஓடும் சூடே 90-ஐத் தொடும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஒரே காவல் அந்த மூடியின் ஸ்பிரிங்தான். ஒவ்வொரு பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்கும் கொதிநிலை ஒன்றரை டிகிரிக்கு மேல் ஏறும். 7 பி.எஸ்.ஐ. மூடி ஒழுங்காகப் பிடித்தால் பத்து டிகிரிக்கு மேல் இடம் கிடைக்கும். ரப்பர் வாஷர் வெடித்த மூடி என்றால் அந்த இடம் பூஜ்யம். நூறு இருநூறு ரூபாய்ப் பொருள்; கம்பெனி என்ன அழுத்தம் சொல்லியிருக்கிறதோ அதையே வாங்குங்கள். பலம் கூடினால் நல்லது என்று பெரிய எண் போட்டால் முப்பது வருஷப் பழைய பித்தளை டேங்க் ஈயப்பற்று விட்டு அழும்.

ரேடியேட்டர் உள்ளே எப்படி இருக்கிறது என்று மேலிருந்து எட்டிப் பார்த்தால் தெரியாது. போர் தண்ணீர் ஊற்றி ஊற்றி ஓட்டிய வண்டி என்றால் குழாய்களுக்குள் காரை பிடித்திருக்கும். வண்டியை நன்றாகச் சூடாக்கிவிட்டு, கைக்கு அடக்கமான இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் கோர் முழுவதும் வரிசையாக அளந்து பாருங்கள். ஒரு மூலை மட்டும் ஜில்லென்று இருந்தால் அங்கே தண்ணீர் ஓடவில்லை. இந்த மாடலில் பித்தளை ரேடியேட்டர் என்பது வரம். மேல், கீழ் டேங்குகளைப் பற்று விடுவித்து, ஒவ்வொரு குழாய்க்குள்ளும் மெல்லிய பட்டைக் கம்பி விட்டு அடைப்பெடுத்து, மறுபடி பற்று வைத்துவிடலாம். கோர் ரொம்பக் கெட்டிருந்தால் புதுக் கோர். என் வண்டிக்கு அடைப்பெடுத்த அன்று கீழ் டேங்கிலிருந்து இரண்டு கைப்பிடி சேறு வந்தது. அந்த வாரமே மலையில் முள் பாதியைத் தாண்டவில்லை. அதற்கு முன் நான் மாற்றியது ஃபேன் பெல்ட், வாட்டர் பம்ப், ஹோஸ் எல்லாம். எல்லாம் வீண் செலவு.

ஷ்ரவுடு, அதாவது ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் நடுவில் கூண்டு மாதிரி இருக்கும் தகரம், இருக்கிறதா பாருங்கள். முப்பது வருஷத்தில் யாராவது பெல்ட் மாற்றும்போது "இடைஞ்சலா இருக்கு" என்று கழற்றி ஓரமாக வைத்திருப்பார்கள், அது அங்கேயே இருக்கும். ஷ்ரவுடு இல்லாத ஃபேன் ரேடியேட்டர் வழியாக இழுக்காமல், பக்கத்திலிருக்கும் சூட்டுக் காற்றையே சுற்றிச் சுற்றி அடிக்கும். சோதிக்க எளிய வழி: எஞ்சினைக் கொஞ்சம் ரேஸ் செய்யச் சொல்லி, செய்தித்தாள் ஒரு முழுப் பக்கத்தை கிரில் முன்னால் பிடித்து விடுங்கள். தாள் பச்சக்கென்று ஒட்டிக்கொண்டு விழாமல் நின்றால் காற்று இருக்கிறது. நடுவில் மட்டும் குழிந்து ஓரம் படபடத்தால் ஷ்ரவுடில் பிரச்சினை. தாள் வழுக்கி விழுந்தால் யோசிக்கவே வேண்டாம். கூடவே கிரில்லுக்கு முன்னால் நான்கு ஸ்பாட் லைட், வின்ச், சங்கத்து போர்டு என்று அலங்காரம் செய்து வைத்திருந்தால் அதையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகும் சூடானால், காலையில் குளிர்ந்த எஞ்சினை மூடி திறந்தபடி ஸ்டார்ட் செய்து தண்ணீரில் குமிழ் வருகிறதா என்று பார்க்க வேண்டும். விடாமல் குமிழ் வந்தால் ஹெட் கேஸ்கட், அதாவது எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் தகடு, போய்விட்டது. அதற்கு உலகத்தில் எந்த ஃபேனும் உதவாது.

அப்படியானால் எலெக்ட்ரிக் ஃபேன் எதற்குத்தான் என்பீர்கள். எனக்கு அதில் பிடித்தது மூன்று. ஒன்று, ஆற்றைக் கடப்பது. தண்ணீருக்குள் வண்டியை இறக்கும்போது பெல்ட் ஃபேனின் இறக்கைகள் தண்ணீரைத் தள்ள முயன்று முன்பக்கமாக வளையும். முன்னால் சில சென்டிமீட்டரில் ரேடியேட்டர். வட்டமாகக் கோரைக் கீறிவிட்டுப் போன ஃபேன்களைப் பார்த்திருக்கிறேன். எலெக்ட்ரிக் என்றால் சுவிட்சை அணைத்துவிட்டு இறங்கலாம். இரண்டு, டிராஃபிக். கீழே கோயம்புத்தூரில் மே மாதம் சிக்னலில் நிற்கும்போது அதன் அருமை தெரியும். மூன்று, சத்தம். பெல்ட் ஃபேன் போனதும் ஜீப்பில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழுந்தது. என் மனைவிக்கு அது போதுமானதாக இருந்தது.

மைலேஜ் விஷயத்தில் மெக்கானிக் கொஞ்சம் தூக்கிச் சொல்கிறார். ஃபேன் உறிஞ்சும் சக்தி சுற்றின் முப்படி: சுற்று இரண்டு மடங்கானால் எட்டு மடங்கு சக்தி. அதனால் 4000 சுற்றில் பெல்ட் ஃபேன் கணிசமாகத் தின்னும். 2000-இல் அது ஒரு பொருட்டே இல்லை. ஜீப்பை யார் 4000-இல் ஓட்டுகிறார்கள்? எலெக்ட்ரிக்கும் ஓசியில் ஓடுவதில்லை. 12 வோல்ட்டில் 20 ஆம்ப் என்றால் 240 வாட். பழைய ஆல்டர்னேட்டர் பாதிக்குச் சற்று மேலே திறனோடுதான் வேலை செய்யும், எனவே எஞ்சினிடமிருந்து 400 வாட்டுக்கு மேல், அரைக் குதிரை போகிறது. லாபம் என்னவென்றால் அது எப்போதும் ஓடாது, வேண்டும்போது மட்டும் ஓடும். லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் கூடினால் கொண்டாடுங்கள், அதையே எதிர்பார்த்துக் காசு போடாதீர்கள். காலையில் சீக்கிரம் சூடேறும் என்பதும் பாதிதான் உண்மை. தெர்மோஸ்டாட் சரியாக இருந்தால், அது திறக்கும்வரை ரேடியேட்டரில் எவ்வளவு காற்றடித்தாலும் எஞ்சினுக்குப் பெரிதாகத் தெரியாது.

வேடிக்கை என்னவென்றால், வேண்டும்போது மட்டும் ஃபேன் என்கிற யோசனை இந்த எஞ்சினின் பிறந்த வீட்டுக்குப் புதிதல்ல. பெஜோவின் 404, 504 கார்களில் ஃபேன் பெல்ட்டோடுதான் இருந்தது, ஆனால் நடுவில் ஒரு மின்காந்த கிளட்ச். தண்ணீர் சூடானதும் சுவிட்ச் காந்தத்துக்குக் கரண்ட் கொடுக்கும், ஃபேன் புல்லியைக் கவ்விக்கொண்டு சுற்றும், ஆறியதும் விட்டுவிடும். பெல்ட்டின் பலமும் கிடைத்தது, ஆல்டர்னேட்டருக்கும் பாரமில்லை. நம்மிடம் வந்தபோது அந்த நுணுக்கம் எஞ்சினோடு சேர்ந்து வரவில்லை.

இப்போது ஆல்டர்னேட்டருக்கு வருவோம். இரவு, மழை, மலை என்று வைத்துக் கணக்கு போடுங்கள். ஹெட்லைட் ஹை பீம் இரண்டும் சேர்ந்து 10 ஆம்ப். பார்க்கிங், டெயில், மீட்டர் விளக்குகள் 3. வைப்பர் 4. இதுவே 17. ஃபேன் 20 சேர்ந்தால் 37. உங்கள் 35 ஆம்ப் ஆல்டர்னேட்டர் அந்த 35-ஐ நல்ல சுற்றில் ஓடும்போது மட்டும்தான் கொடுக்கும்; ஐட்லிங்கில் பாதி கொடுத்தால் அதிகம்.

இதை நான் தாளில் போட்டுப் பார்க்காமல் ரோட்டில் போட்டுப் பார்த்தேன். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஜூலை மாதம், நல்ல மழை, இரவு எட்டு மணி. பதினெட்டாவது வளைவுக்கு மேலே ஒரு லாரி திரும்ப முடியாமல் நிற்க, இரண்டு பக்கமும் வண்டிகள் வரிசை. நானும் எஞ்சினை அணைக்காமல் லைட்டும் வைப்பருமாக நின்றேன். ஏறி வந்த சூட்டில் ஃபேன் ஓடத் தொடங்கியது. அது ஸ்டார்ட் ஆகும் ஒவ்வொரு முறையும் ஹெட்லைட் மஞ்சளாகி, வைப்பர் கண்ணாடி நடுவில் ஒரு கணம் தயங்கிவிட்டுப் போகும். இருபது நிமிஷத்தில் வைப்பர் மாடு நடப்பது போல் நடந்தது. ஃபேன் சத்தமும் இறங்கியது. வோல்டேஜ் விழுந்தால் ஃபேன் மெதுவாகும், மெதுவானால் சூடு ஏறும், சூடு ஏறினால் ஃபேன் நிற்கவே நிற்காது, பேட்டரி இன்னும் விழும். கடைசியில் லைட்டை அணைத்துவிட்டு, கால் ஆக்ஸிலேட்டரில் லேசாக வைத்து 1500 சுற்றில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தப்பு யாருடையதும் அல்ல, என்னுடையதுதான். ஊருக்கு வந்ததும் ஃபேனைக் கழற்றிவிட்டேன். 65 ஆம்ப் ஆல்டர்னேட்டர் போட்ட பிறகுதான் மறுபடி மாட்டினேன்.

ஆகவே உங்களுக்கு என் யோசனை: ரேடியேட்டர், மூடி, தெர்மோஸ்டாட், ஷ்ரவுடு சரிசெய்து பெல்ட் ஃபேனோடு ஒரு மாதம் ஓட்டுங்கள். மலையில் சூடு நின்று, டிராஃபிக்கில் மட்டும் கொஞ்சம் ஏறுகிறது என்றால், கிரில் பக்கம் முன்னால் ஒரு சிறிய எலெக்ட்ரிக் ஃபேனைத் துணைக்கு வையுங்கள். பெல்ட் ஃபேன் அப்படியே இருக்கட்டும். 8 அல்லது 10 ஆம்ப் ஃபேனை உங்கள் ஆல்டர்னேட்டர் தாங்கும். முழுவதும் எலெக்ட்ரிக்குக்கு மாறுவது என்றால் முதல் செலவு ஃபேன் அல்ல, 60 ஆம்புக்குக் குறையாத ஆல்டர்னேட்டர்.

முழுவதும் மாறுவதென்றே முடிவெடுத்தால், மாருதி 800 ஃபேன் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொல்வார்கள். அது 796 சி.சி. பெட்ரோல் எஞ்சினுக்கு அளவெடுத்தது. துணை ஃபேனாக அது நல்ல பொருள். உங்கள் டீசலைத் தனியாகச் சுமக்க அதனால் ஆகாது. ஏ.சி. உள்ள பெரிய கார் ஒன்றின் ஃபேனை அதன் ஷ்ரவுடோடு சேர்த்து எடுப்பது நல்ல வழி. சென்னை புதுப்பேட்டை மாதிரி பழைய உதிரிபாகச் சந்தைக்குப் போகும்போது ரேடியேட்டர் கோரின் நீள அகலத்தையும், கோருக்கும் வாட்டர் பம்ப் புல்லிக்கும் நடுவில் உள்ள ஆழத்தையும் எழுதிக்கொண்டு போங்கள். அந்த ஆழம்தான் பலரைக் கவிழ்ப்பது. மோட்டாரின் முதுகு புல்லியில் இடித்தால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. எஞ்சின் மவுண்ட் ரப்பரில் ஆடும், எனவே குறைந்தது இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். கடையிலேயே பேட்டரி வைத்து ஓடவிட்டு, கிளாம்ப் மீட்டரில் ஆம்ப் பார்த்து வாங்குங்கள்.

மாட்டும்போது ஒரே ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள்: ஃபேனோடு வரும் பிளாஸ்டிக் கம்பிகளை ரேடியேட்டர் கோருக்குள்ளே குத்திக் கட்டும் முறை வேண்டவே வேண்டாம். நல்ல ரோட்டில் ஓடும் காருக்கே அது சரியில்லை. தேயிலைத் தோட்டத்து ரோட்டில் மூன்று மாதம் குலுங்கினால் அந்தக் கம்பி குழாயைத் தேய்த்து ஓட்டை போட்டுவிடும். ரேடியேட்டரின் பக்கச் சட்டத்திலிருந்து பட்டை இரும்பில் பிராக்கெட் செய்து அதில் மாட்டுங்கள். ஷ்ரவுடு கோரை முழுக்க மூட வேண்டும், ஓரத்தில் ரப்பர் பீடிங் வேண்டும், ஃபேன் கோரோடு ஒட்டாமல் சற்றுத் தள்ளி நிற்க வேண்டும். ஒட்டி நின்றால் இறக்கைக்கு நேராக இருக்கும் வட்டத்தில் மட்டும்தான் காற்று போகும், நான்கு மூலையும் வேலை செய்யாது.

பழைய ஃபேனைக் கழற்றியதும் அதே நான்கு போல்ட்டைப் புல்லியில் திரும்ப முடுக்காதீர்கள். ஃபேனின் தடிமன் போய்விட்டது, போல்ட் இப்போது நீளம். உள்ளே போய் பம்பில் இடிக்கும், அல்லது இறுகாமல் ஏமாற்றும். நீளம் குறைந்த போல்ட் வாங்குங்கள், இல்லையென்றால் வாஷர் போட்டு ஈடுகட்டுங்கள். பெல்ட் இருக்கும், வாட்டர் பம்பும் ஆல்டர்னேட்டரும் அதில்தான் ஓடுகின்றன.

ஃபேன் எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று தாளைப் பிடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒயரை மாற்றிக் கொடுத்தால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். ஆனால் வளைந்த இறக்கை எதிர்ப்பக்கம் சுற்றினால் காற்று அரைகுறையாகத்தான் வரும். பின்னால் நின்று இழுக்கச் செய்த ஃபேனை முன்னால் வைத்து ஒயரை மாற்றிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள்.

ஒயரிங்கில்தான் பாதிப் பேர் வண்டியை எரிக்கிறார்கள். சாவி சுவிட்சிலிருந்து நேராக ஃபேனுக்கு ஒயர் இழுப்பது கூடவே கூடாது. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 30 ஆம்ப் ஃபியூஸ், அங்கிருந்து 40 ஆம்ப் ரிலேயின் (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்; பின்களின் எண் அதிலேயே இருக்கும்) 30-ஆம் பின். 87-இலிருந்து ஃபேனுக்கு. 86-க்குச் சாவி போட்டால் வரும் லைன், ஒரு சின்ன ஃபியூஸோடு. 85-ஐ டெம்பரேச்சர் சுவிட்ச் வழியாக எர்த்துக்கு. அவ்வளவுதான் சூத்திரம். சூடானதும் சுவிட்ச் எர்த் கொடுக்கும், ரிலே கிளிக்கென்று விழும், ஃபேன் ஓடும். ரிலேயைப் பின்கள் கீழே பார்க்கிற மாதிரி மாட்டுங்கள், மழைத் தண்ணீர் உள்ளே தங்காது. இரண்டு ஃபேன் என்றால் இரண்டு ரிலே, இரண்டு ஃபியூஸ். ஃபேன் கிளம்பும் நொடியில் இழுக்கும் கரண்ட் ஓடும்போது உள்ளதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. இரண்டும் ஒரே ரிலேயில் என்றால் அது சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும்.

ஒயர் தடிமனில் கஞ்சத்தனம் வேண்டாம். போகவும் வரவும் சேர்த்து 4 மீட்டர் ஒயர் என்று வைத்தால், 1.5 சதுர மி.மீ. ஒயரில் 20 ஆம்புக்கு ஏறக்குறைய 1 வோல்ட் வழியிலேயே காணாமல் போகும், ஒயரும் சூடாகும். 4 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 0.35 வோல்ட்தான். எர்த்தையும் பக்கத்தில் இருக்கும் ஏதோ ஒரு ஸ்குருவில் சுற்றாமல், பெயின்ட் சுரண்டிய சேஸிஸிலோ பேட்டரி மைனஸிலோ கொடுங்கள்.

டெம்பரேச்சர் சுவிட்சுக்கு இடம் மேல் டேங்க். ரேடியேட்டர் கடையில் அடைப்பெடுக்கும் அன்றே மரை வெட்டிய பித்தளைப் புஷ் ஒன்றை டேங்கில் பற்று வைத்துத் தரச் சொல்லுங்கள். சுவிட்ச் 92-87 வகை: 92-இல் போடும், 87-இல் அணைக்கும். அது தெர்மோஸ்டாட் திறக்கும் சூட்டுக்கு மேலே இருக்க வேண்டும். 82-இல் திறக்கும் வால்வை வைத்துக்கொண்டு 80-இல் போடும் சுவிட்சை வைத்தால் ஃபேன் சாவியை அணைக்கும்வரை நிற்காது. கீழ் டேங்கில் வைப்பதானால் அங்கே தண்ணீர் ஆறி வருவதால் குறைந்த சூட்டுச் சுவிட்ச் வேண்டும். டேங்கில் கை வைக்க மனமில்லை என்றால் மேல் ஹோஸை வெட்டி நடுவில் மரை உள்ள அலுமினியக் குழாய்த் துண்டு வைக்கலாம். ஆனால் இரண்டு பக்கமும் ரப்பர், எனவே அந்தத் துண்டுக்குத் தனி எர்த் ஒயர் கொடுக்க மறந்தால் சுவிட்ச் என்ன செய்தாலும் ஃபேன் ஓடாது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மதியம் ஆனது. மெல்லிய கம்பி சென்சாரை ஹோஸுக்கும் டேங்க் மூக்குக்கும் நடுவில் செருகும் வகை கசியும், தவிருங்கள்.

டேஷ்போர்டில் மூன்று நிலை சுவிட்ச் ஒன்று வையுங்கள்: ஆட்டோ, ஆஃப், ஆன். ஆஃப் தண்ணீருக்குள் இறங்குவதற்கு. சூடாக ஓடிய மோட்டார் குளிர்ந்த தண்ணீரில் முங்கினால் உள்ளே உறிஞ்சும், எனவே ஓரமாக இரண்டு நிமிஷம் நின்று ஆறவிட்டு இறங்குங்கள். ஆன் என்பது சுவிட்ச் செத்துப்போனால் வீடு வந்து சேர. ஆஃபில் இருக்கும்போது எரிகிற மாதிரி ஒரு சிவப்பு விளக்கும் சேர்த்து வையுங்கள். ஆற்றைத் தாண்டியதும் சுவிட்சைத் திரும்பப் போட மறப்பது எல்லாருக்கும் நடக்கும்.

எல்லாம் முடிந்ததும் நேராக மலைக்குப் போகாதீர்கள். வீட்டு வாசலில் மூடி போட்டு ஐட்லிங்கில் விட்டு, ஃபேன் ஓடி நின்று ஓடி நிற்பது மூன்று நான்கு சுற்று வரட்டும். ஃபேன் ஓடும்போது லைட், வைப்பர் எல்லாவற்றையும் போட்டுவிட்டு பேட்டரி முனையில் வோல்ட் மீட்டர் வையுங்கள். ஆக்ஸிலேட்டரை லேசாக அழுத்தினால் 13.5-க்கு மேல் வர வேண்டும். ரிலேயையும் ஃபியூஸையும் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாத சூடு என்றால் இணைப்பு எங்கோ லூஸ். அதன் பிறகு லோடில்லாமல் ஒரு முறை கோத்தகிரி ரோட்டில் குஞ்சப்பனை வரை ஏறி இறங்கிப் பாருங்கள். கழற்றிய பழைய ஃபேனையும், அதற்குரிய அந்த நீள போல்ட் நான்கையும், ஒரு 13-ஆம் நம்பர் ஸ்பேனரையும் துணிப் பையில் கட்டிப் பின் சீட்டுக்கு அடியில் ஒரு மழைக்காலம் முழுக்க வைத்திருங்கள். போல்ட் சைஸ் வேறாக இருந்தால் ஸ்பேனரை மாற்றிக்கொள்ளுங்கள்.